தேதி எழுதாத விண்ணப்பம்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது அல்ல. ஜனவரி இரண்டாம் தேதி வந்த தபாலில் உதித்தது. வட்டார சுகாதார அலுவலகம் ஒன்றில் நான் உதவியாளர். விடுப்பு விண்ணப்பங்கள் என் மேசைக்குத்தான் வரும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மாமனார் இறப்பு (ஓர் ஊழியருக்கு இதுவரை மூன்று மாமனார்கள் இறந்திருக்கிறார்கள்), மகப்பேறு. எல்லாவற்றையும் பதிந்து, குறிப்பு எழுதி, கண்காணிப்பாளர் தானியேல் சாரின் மேசைக்கு அனுப்புவது என் வேலை.

அன்று வந்த விண்ணப்பத்தில் மற்றதெல்லாம் சரியாக இருந்தது. பெயர் ஜமுனா, செவிலியர், ஒப்பந்த நியமனம். வேலை பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில். வீடு பசியாவரத்துக்கும் அப்பால், படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு குப்பத்தில். எழுத்து முத்துமுத்தாக இருந்தது. ஆனால்,

"எனக்கு ................ முதல் ஆறு மாத காலம் மகப்பேறு விடுப்பு அளிக்குமாறு தங்களைப் பணிவுடன்..."

புள்ளிகளின் மேல் ஒன்றும் இல்லை. மறந்துவிட்டாள் என்றும் நினைக்க முடியவில்லை. பேனாவை ஊன்றி எடுத்ததற்கு அடையாளமாக ஒரு நீலப் பொட்டு அங்கே இருந்தது. எழுத வந்து நிறுத்தியிருக்கிறாள்.

"திருப்பி அனுப்பிடும்மா. தேதி இல்லாத லெட்டர்ல நான் எதுக்குன்னு கையெழுத்துப் போடறது?" என்றார் தானியேல் சார்.

"போன் பண்ணிக் கேட்டுடறேன் சார்" என்றேன்.

கேட்கவில்லை. விண்ணப்பத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன். அனுப்பம்பட்டில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் பன்னிரண்டு நிமிடத்தில் அந்த நீலப் பொட்டு என்னை விடவில்லை. அலுவலகக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோவது தவறு. அதை வைத்துக் கதை எழுதுவது அதைவிடத் தவறு. இரண்டையும் செய்தேன்.

2.

தொடக்கம் எழுதுவதில் நான் கொஞ்சம் மோசம். முயற்சி ஒன்று:

"மார்கழிப் பனியில் ஏரி உறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் பூநாரைகள் –"

அடித்துவிட்டேன். பழவேற்காடு என்றாலே எழுதுகிறவர்களின் முன்னால் பூநாரை வந்து ஒற்றைக் காலில் நின்றுவிடுகிறது. ஜமுனா தினமும் எட்டு மணிக்குப் படகு ஏறுகிறவள். நமக்கு மின்கம்பம் எப்படியோ அப்படித்தான் அவளுக்கு அந்தப் பறவை.

முயற்சி இரண்டு:

"படகில் அமர்ந்து வயிற்றை மெல்லத் தடவிக்கொண்டே ஜமுனா –"

இதுவும் போயிற்று. ஒன்பது மாத வயிற்றோடு படகில் உட்கார்ந்திருப்பவளுக்குச் சும்மா இருக்கும் கை எது? ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் பதிவேடும். இன்னொரு கை படகின் விளிம்பில். வயிற்றைத் தடவுவதெல்லாம் சினிமாவில் வருகிறவர்களின் வேலை.

மூன்றாவது முயற்சி கொஞ்ச தூரம் ஓடியது. அதை அப்படியே விடுகிறேன்.

"படகு கரைக்கு இருபதடி முன்னாலேயே சேற்றில் தட்டி நின்றது. புருஷன் இளவழகன் முதலில் குதித்தான்.

'இரு, நான் தூக்கினு போறன்.'

'நீ தூக்கினா ரெண்டு பேரும் சேத்துலதான் கெடப்போம். கைய மட்டும் குடு.'

'லீவு போட்டுத் தொலையேன் ஜமுனா. இன்னாத்துக்கு இன்னும் போயினே கீற?'

'இன்னும் நாளு கீதுய்யா. நான் கணக்கு வெச்சிக்கீறன்.'

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் காலை வைத்தாள். முழங்கால் வரை இறங்கியது. அடுத்த காலை எடுக்கும்போது, வயிறு ஒரு பக்கம் இழுக்க –"

இழுக்க, என்ன? இங்கே நின்றுவிட்டேன்.

(இந்தச் சேறு மட்டும் கற்பனை இல்லை. நான்கு வருஷத்துக்கு முன் ஆய்வுக்கு என்று அந்தப் பக்கம் போனேன். என் வலது செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.)

3.

நின்றுபோன இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குமாஸ்தாவுக்குக் கதை நின்றால் கணக்குதான் கைகொடுக்கும்.

நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு விடுப்பு தாராளம். ஜமுனா ஒப்பந்தக்காரி; அவள் கேட்க முடிவது ஆறு மாதம்தான். பிரசவத்துக்கு முன்னால் எடுக்கும் ஒவ்வொரு நாளும் பின்னால் குறையும். இருபது நாள் முன்னால் எடுத்தால், பிறந்த குழந்தையிடமிருந்து இருபது நாளைப் பிடுங்கி, பிறக்காத குழந்தைக்குக் கொடுக்கிறோம். இரண்டும் ஒரே குழந்தை என்பதுதான் வேடிக்கை.

இந்த வேடிக்கையில் ஜமுனாவுக்கு இன்னொரு சங்கடம். அந்தக் கரையில் உள்ள ஒவ்வொரு தாயிடமும் அவள் சொல்ல வேண்டிய பாடம் ஒன்று உண்டு: ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். மனப்பாடமாகச் சொல்லுவாள். தன் பிள்ளைக்கு அதைச் செய்ய வேண்டுமானால் ஆறு மாதமும் பிரசவத்துக்குப் பின்னால் வேண்டும். கைக்குழந்தையை யாரும் தினம் இரண்டு தடவை ஏரியைத் தாண்டித் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள்.

சரி, கதைக்கு ஒரு வில்லி வேண்டும் என்று மாமியாரைக் கொண்டுவந்தேன். கஸ்தூரியம்மாள். பொன்னேரி சந்தைக்குக் கூடையில் மீன் கொண்டுபோய் விற்கிறவள். அவளைப் பேசவிட்டேன்.

"'நாங்கள்லாம் வலி எடுக்குற வரிக்கும் கூடை சொமந்தவங்கோ. இவளுக்கு இன்னா, நாற்காலில குந்திக்கினு எழுதற வேல –'"

கிடுகிடுவென்று வந்தது. அவ்வளவு சுலபமாக வந்ததால் பயந்துபோய் நிறுத்தினேன். எந்தக் கஷ்டமும் இல்லாமல் ஒரு பாத்திரம் பேசுகிறது என்றால், அவள் வேறு யாருடைய வாயையோ வாங்கிப் பேசுகிறாள் என்று அர்த்தம். கஸ்தூரியம்மாளை நான் பார்த்ததே இல்லை. விண்ணப்பத்தில் அவள் பெயர்கூட இல்லை. பெயரே பிறகுதான் தெரிந்தது. பின்னால் வந்து இங்கே ஒட்டியிருக்கிறேன்.

4.

(இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். கதைக்குச் சம்பந்தமில்லாதது.)

5.

ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜமுனாவுக்குப் போன் செய்தேன். மூன்று நாள் தாமதம். அலுவலகத்திலிருந்து என்றதும் அவள் குரலில் பதற்றம் வந்தது. "தேதி போடல, அதுதானே மேடம்?" என்று அவளே ஆரம்பித்தாள். பிறகு சொன்னதை முடிந்தவரை அவள் வாயாலேயே தருகிறேன்.

"ஜனவரி இருபத்தேழுன்னு எழுதத்தான் மேடம் உக்காந்தன். முப்பதாந்தேதி டெலிவரின்னு கணக்கு. மூணு நாள் முன்னாடி போட்டா போதும்னு இருந்தன். எழுதுறதுக்கு முன்னாடி சும்மா ஒரு பேச்சுக்கு அவருகிட்ட கேட்டன். 'ஏப்ரல் இருபத்துமூணுதானே அந்த மாசம் நம்ம பாடு?'ன்னு."

இங்கே நான் குறுக்கிட்டேன். பாட்டுக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை.

பாடு என்பது ஏரியில் முறை. நல்ல மீன் விழும் இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை போட முடியாது. அதனால் இன்று இந்த வீட்டு வலை, நாளை அந்த வீட்டு வலை என்று ஊர் கூடி வரிசை வைத்திருக்கிறார்கள். எந்த நாள் எந்த வீட்டுப் பாடு என்பது காலண்டரைவிட அவர்களுக்கு நன்றாக மனதில் நிற்கும்.

"எனக்குக் கடைசியா தூரம் ஆனது எங்க பாடு அன்னிக்கு மேடம். நல்லா ஞாபகம் கீது. தூரத்துல வலைய தாண்டக்கூடாதுன்னு சொல்லுவாங்கோ. அதனால அன்னிக்குப் படகாண்ட நான் போவல. எங்க அத்ததான் அவருக்குச் சோறு எடுத்துனு போனாங்கோ. அத வெச்சிதான் இருபத்துமூணுன்னு நானே கார்டுல எழுதினன். இப்ப இவரு சொல்றாரு: 'அந்த மாசம் இருபத்துமூணு நாம போவலையே. அங்கமுத்து மாமா வூட்ல சாவு. அவங்க பாட்ட அஞ்சாந்தேதியே நாம எடுத்துக்கினு, நம்மத அவருக்கு உட்டோமே'ன்னு."

கடைசி மாதவிலக்கு நாளிலிருந்துதான் பிரசவத் தேதியை எண்ணுவார்கள். இருபத்துமூன்றுக்கும் ஐந்துக்கும் பதினெட்டு நாள். முப்பதாம் தேதி என்று இருந்த பிரசவம், அந்த ஒரு பேச்சில் பன்னிரண்டாம் தேதிக்கு வந்துவிட்டது. எழுத எடுத்த பேனா அப்படியே நின்றுவிட்டது. அதுதான் நீலப் பொட்டு. மறுநாள் தபால் வண்டி வந்தபோது, எண்ணிப் பார்த்துப் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்படியே கொடுத்தனுப்பிவிட்டாள்.

"ஸ்கேன்ல தெரிஞ்சிருக்குமேம்மா?" என்றேன்.

"அஞ்சாம் மாசம்தான் எடுத்தன் மேடம். போன வருஷம் ஒண்ணு மூணு மாசத்துல தங்காம பூட்ச்சி. அதனால இந்தத் தடவ மொதல்ல யார்கிட்டயும் சொல்லல. ஸ்கேன்ல கொழந்த ரெண்டு வாரத்துக்கு மேல பெருசா கீதுன்னாங்கோ. எங்க அத்த சிரிச்சினே 'ஏரி மீன் துண்ற புள்ள, பெருசாத்தான் இருக்கும்'னாங்கோ. நானும் சிரிச்சிட்டன்." பிறகு அவளே சொன்னாள்: "வேற பொம்பளையா இருந்தா ஸ்கேன் தேதியதான் மேடம் எழுதியிருப்பன். திட்டியும் இருப்பன்."

"அப்ப இன்னிலேர்ந்தே லீவு போட வேண்டியதுதானே?"

"இவரு சொல்றது தப்பா இருந்தா? அது வேற மாசத்து மாத்தலா இருந்தா? அங்கமுத்து மாமாவுக்கும் தேதி நெனப்பில்ல. முப்பதுதான் கரெக்ட்னா இருபத்தஞ்சு நாளு போயிடும் மேடம். பன்னெண்டுதான்னா ஒரு வாரம் போவும். அந்த மூணு நாளுக்கு மேல ஒரு நாள்கூட உட மாட்டன்னு இருந்தன்."

"படகுல வலி எடுத்தா?"

பின்னணியில் யாரோ இருமினார்கள். யார் என்று கேட்டேன்.

"எங்க அத்த. ஒரு வாரமா தெனம் என்கூடவே படகுல வர்றாங்கோ. கேட்டா, சந்தைக்குப் போறன்னு சொல்லி கூடைய எடுத்துக்கறாங்கோ. கூடைல ஒண்ணும் இல்ல மேடம், வெறுங்கூடை. காலைலேர்ந்து சாயங்காலம் வரிக்கும் இங்க வாசல்லயே குந்தினுக்கீறாங்கோ."

மூன்றாம் பகுதியில் நான் எழுதிய வில்லியை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அடிக்காமல் விட்டுவைத்திருப்பது எனக்கே தண்டனையாக இருக்கட்டும் என்றுதான்.

கடைசியில் ஜமுனா சொன்னாள்: "எனக்கு எழுத வரல மேடம். எத எழுதினாலும் தப்பா தோணுது. எத்தினி லீவு பாத்திருப்பீங்கோ. நீங்களே ஒரு தேதி போட்டுக்கோங்கோ. எதுவா இருந்தாலும் நான் ஒத்துக்கறன்."

6.

முடிவு அ.

அவள் கடைசி நாள்வரை போகிறாள். பத்தாம் தேதி, வாடைக்காற்று. ஏரி நடுவில் வலி. இளவழகன் துடுப்பை விட்டுவிட்டு அவள் தலையைப் பிடிக்கிறான். கஸ்தூரியம்மாள் கூடையைத் தண்ணீரில் எறிந்துவிட்டு முட்டிபோட்டு உட்காருகிறாள். படகு திசை மாறுகிறது –

மூன்று பக்கம். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரே மூச்சில் எழுதினேன். திரும்பப் படித்தபோது நன்றாகத்தான் இருந்தது. கிழித்துப் போட்டேன். நாளைக் காலையில் அந்தப் படகில் ஏறப்போகிற ஒருத்தியை வைத்து, இன்று இரவு நன்றாக எழுதிவிட்ட சந்தோஷத்தில் நான் தூங்குவதா?

முடிவு ஆ.

அவள் உடனே விடுப்பில் போகிறாள். ஆரம்பாக்கத்தில் அவள் நைனா வீடு. நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரம், பேருந்து, ரயில், ஆம்புலன்ஸ் எல்லாம் உண்டு. பன்னிரண்டாம் தேதி வருகிறது, போகிறது. பொங்கல் போகிறது. முப்பதாம் தேதி பெண் குழந்தை. இளவழகன் சொன்னது வேறு மாசத்து மாற்றல்தான். ஜூலை முதல் வாரம், குழந்தைக்கு ஐந்து மாதம் சில நாள் ஆகும்போது, ஜமுனா மீண்டும் படகு ஏறுகிறாள். மதியம் ஒரு தாயிடம் "ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தாம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மார் கட்டி ரவிக்கை நனைகிறது. பதிவேட்டை மார்போடு அணைத்து மறைத்துக்கொண்டு மீதியைச் சொல்லி முடிக்கிறாள்.

இதைக் கிழிக்கவில்லை. கிழிக்கக் கை வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டுமென்றால் எடுத்துவிட்ட பகுதியைத் திரும்ப வைக்க வேண்டும்.

4.

(திரும்ப வைத்தது.)

என் மகள் திவ்யா பிறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அப்போது எங்களுக்கும் ஆறு மாதம்தான். கால் கொஞ்சம் வீங்கியிருந்தது. "எதுக்கு வம்பு" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஏழாம் மாதத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தேன். எழுபத்தைந்து நாள். தொடர் பார்த்தேன், முறுக்கு தின்றேன், நன்றாகத் தூங்கினேன். குழந்தை சொன்ன தேதிக்குச் சுகமாகப் பிறந்தது. மூன்றரை மாதக் குழந்தையை நாத்தனார் வசந்தாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

பத்தாம் மாதத்தில் திவ்யா முதல் முறையாக "அம்மா" என்றாள். வசந்தாவைப் பார்த்து. நான் அப்போது அலுவலகத்தில் யாருடைய மகப்பேறு விண்ணப்பத்தையோ பதிந்துகொண்டிருந்தேன். வசந்தாதான் போன் செய்து, சந்தோஷமும் பயமுமாகச் சொன்னாள். "அண்ணி, உங்கள நெனச்சிதான் சொல்லியிருப்பா" என்றாள். பாவம், நல்லவள்.

எழுபத்தைந்து நாளும் கூட இருந்திருந்தாலும் பத்தாம் மாதத்தில் நான் அலுவலகத்தில்தான் இருந்திருப்பேன். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. கணக்கு தெரிந்தால் வலிக்காதா? திவ்யா இப்போது எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறாள். கால் இடறி விழுந்தால் மட்டும் "வச்சம்மா" என்று அலறுகிறாள். வசந்தா கல்யாணமாகிப் போய் ஏழு வருஷம் ஆகிறது.

ஆகவே வாசகரே, விஷயம் இதுதான். இரண்டாம் பகுதியிலிருந்து ஜமுனாவைப் படகிலேயே வைத்திருப்பது அவள் இல்லை, நான். "இன்னும் நாளு கீதுய்யா" என்று அவளைச் சொல்லவைத்ததும் நான்தான். விண்ணப்பத்தை மூன்று நாள் பையில் வைத்திருந்ததும், சோம்பலால் அல்ல. நான் இழந்த நாட்களை அவளை வைத்து மீட்கப் பார்த்திருக்கிறேன். அதற்கு விலையாக அவள் வயிற்றைச் சேற்றில் இறக்கியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. போனில் அவள் "நீங்களே போட்டுக்கோங்கோ" என்ற அன்று சாயங்காலம், புள்ளிகளின் மேல் நான் எழுதிப் பார்த்தேன். பென்சிலால்தான். "12.1" என்று எழுதினேன். யோசிக்கவே இல்லை, கை தானாக எழுதிற்று. பிரசவ நாளிலிருந்தே விடுப்பு. அதற்கு முன்னால் ஒரு நாள்கூட இல்லை.

அழிப்பானால் அழித்தேன். இப்போது நீலப் பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் கறையும் இருக்கிறது.

7.

இன்று எட்டாம் தேதி, வியாழக்கிழமை. மாலை நான்கு மணி பத்து நிமிடம்.

காலையிலிருந்து வாடை அடிக்கிறது. அலுவலக ஜன்னல் கதவு ஒன்று படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. காகிதம் மடித்துச் செருகியும் நிற்கவில்லை. இரண்டு மணிக்குத் தானியேல் சார் வந்து மேசையருகில் நின்றார்.

"அந்த நர்ஸ் பொண்ணு லெட்டர் என்னாச்சு? இன்னும் பெட்டிக்குள்ளயேதான் வெச்சிருக்கியா?"

"கேட்டுட்டேன் சார். என்னையே போடச் சொல்லுது."

"அப்ப போட்டுத் தொலைக்க வேண்டியதுதானேம்மா? அஞ்சு மணிக்குள்ள என் டேபிள்ல இருக்கணும். உத்தரவு போயிட்டா நாளைக்கே அங்க வேற ஆளைப் போட்டுடலாம். அந்தப் பொண்ணும் வீட்டுல இருக்கும்." போகிறபோது திரும்பினார். "காத்தப் பாத்தியா?"

பார்த்தேன். மதியத்திலிருந்து நான்கு முறை ஜமுனாவைக் கூப்பிட்டுவிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. ஏரிக்கரையில் அது வழக்கம்தான். வழக்கம்தான் என்று நான்கு முறையும் எனக்கே சொல்லிக்கொண்டேன். அவளுடைய படகு நாலரை மணிக்கு. இந்நேரம் பதிவேட்டை மூடியிருப்பாள். கஸ்தூரியம்மாள் வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்திருப்பாள். இளவழகன் சேற்றில் இறங்கிக் கையை நீட்டியிருப்பான்.

இன்றைய தேதியைப் போட்டால் இந்த ஒரு பயணத்தோடு முடிந்துவிடும். பின்னால் ஒருவேளை மூன்று வாரம் அவள் பிள்ளைக்குக் குறையும். பன்னிரண்டு என்று போட்டால் ஒரு நாளும் குறையாது. நாளையும் அதற்கு மறுநாளும் அந்த ஏரியை அவள் இரண்டிரண்டு முறை தாண்ட வேண்டும். அறிவு எதைச் சொல்கிறது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஆனால் பேனாவை எடுத்தால் என் கை பன்னிரண்டைத்தான் எழுதப்போகிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதத் துடிக்கிறது. இந்தக் கையை நான் நம்பவில்லை.

அதனால் விண்ணப்பத்தை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். உங்களுக்கு ஜமுனா யாரோ. அந்தக் குழந்தை உங்களை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடப்போவதில்லை. இதை எழுத அதைவிடப் பெரிய தகுதி வேண்டாம். பென்சில் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள். நாலரைக்கு இன்னும் பதினேழு நிமிடம் இருக்கிறது.

"எனக்கு ................ முதல்